மறித்த நீரும் மலைப் படமும்: மாத்தளையின் ஒளிப்பட வரலாறு

மாத்தளை மாவட்டத்து மலைகளில் சொல்லிக்கொள்ளும்படியான இயற்கை ஏரி எதுவும் இல்லை. இமயத்திலும் ஆல்ப்ஸிலும் பனியாறுகள் பாறையைக் குடைந்துவிட்டுப் போன பள்ளங்களில் நீர் தேங்கி மலையேரிகள் உண்டாயின. இலங்கையின் மத்திய மலைநாடு அப்படிப்பட்ட பனியாற்றைக் கண்டதில்லை. மிகப் பழைய பாறைகளாலான செங்குத்துச் சரிவுகளில் விழும் மழை தங்க இடமில்லாமல் ஓடைகளாகி, சுது கங்கையிலும் அம்பன் கங்கையிலும் சேர்ந்து, மகாவலிக்குப் போய்விடும். 1,906 மீற்றர் உயரமுள்ள கொம்பனிய சிகரத்திலிருந்து தம்புள்ளைச் சமவெளி வரை, மலையும் நீரும் சேர்ந்து தெரியும் எந்தப் படத்தை எடுத்துப் பார்த்தாலும் அந்த நீரை யாரோ ஒருவர் மறித்திருக்கிறார். அவர் அனுராதபுரத்து அரசராக இருக்கலாம், தேயிலைத் தோட்டக் கம்பனியாக இருக்கலாம், மகாவலித் திட்டத்துப் பொறியியலாளராகவும் இருக்கலாம்.

இது மாத்தளைக்கு மட்டும் உரிய நிலை அன்று. கண்டி ஏரியை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டுவித்தவர் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். நுவரெலியாவின் கிரகரி ஏரி 1870-களில் ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில் உண்டானது. நீலகிரியில் ஊட்டி ஏரி ஜான் சல்லிவனின் வேலை. கொடைக்கானல் ஏரி 1863-இல் வீர் லெவிஞ்சு கட்டியது. தென்னிந்தியாவும் இலங்கையும் அஞ்சலட்டைகளில் காட்டிக்கொண்ட மலையேரிகள் பெரும்பாலும் இப்படிக் கரைகட்டி வந்தவைதாம். மாத்தளையின் தனித்தன்மை, அங்கே ஏறத்தாழ 1,500 ஆண்டுப் பழமையான குளமும் 2018-இல் திறந்த அணையும் ஒரே மாவட்டத்துக்குள் கிடப்பது. அதனால் ஒரு படத்தில் எந்த நீர் தெரிகிறது என்பதை வைத்தே அது எந்தக் காலத்துப் படம் என்று ஓரளவு கணிக்கலாம்.

கமரா வருமுன் இந்த நிலத்தை ஐரோப்பியருக்குக் காட்டியது எழுத்தும் பென்சிலும். மாத்தளையில் ஆங்கில அரசின் அதிகாரியாக இருந்த மேஜர் ஜொனாதன் போர்ப்ஸ் 1831-இல் சிகிரியாக் குன்றைப் போய்ப் பார்த்தார். 1840-இல் வெளிவந்த அவருடைய இலங்கை நினைவு நூல் அந்தக் குன்றை வெளியுலக வாசகருக்கு அறிமுகப்படுத்தியது. அப்போது குன்றைச் சுற்றி இருந்தது பெருங்காடு. அங்கிருந்து ஆண்ட மன்னன் காசியப்பன் காலத்து அகழிகளும் நீர்த்தோட்டங்களும் மண்ணுக்குள் கிடந்தன. தெற்கே இருந்த பெருங்குளம் சுருங்கி, அதன் ஒரு மூலையில்தான் நீர் நின்றது.

ஒளிப்படக்கலை இலங்கையின் கடலோரத்தில் இறங்கி மெதுவாகத்தான் மலையேறியது. பிரெடரிக் ஃபீபிக் 1852-இல் காலி, கொழும்பு, கண்டி ஆகிய இடங்களைக் காகித நெகடிவில் எடுத்துக் கையால் வண்ணம் தீட்டினார். 1860-களில் கொழும்பில் ஸ்கீன் குடும்பத்தின் நிறுவனம் நிலைபெற்றது. கண்டியில் தொழில் நடத்திய ஜோசப் லோட்டன்தான் மாத்தளை மாவட்டத்துக்கு முக்கியமானவர். பழைய நகரங்களின் இடிபாடுகளைப் பதிவுசெய்வதற்காக 1868-இல் அரசு அமைத்த தொல்லியல் குழு அந்த வேலையை அவரிடம் ஒப்படைத்தது. 1870-71-இல் அவர் அனுராதபுரம், மிகிந்தலை, பொலன்னறுவை, சிகிரியா ஆகிய இடங்களில் படமெடுத்தார். அடுத்த ஆண்டே இறந்துபோனார். அவர் விட்டுச்சென்ற பிரதிகள் இன்று லண்டனில் பிரித்தானிய நூலகத்திலும் விக்டோரியா அல்பர்ட் அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன.

லோட்டன் காலத்தில் கையாளப்பட்ட ஈரத்தட்டு முறையைக் கொஞ்சம் விவரமாகப் பார்த்தால்தான் அந்தப் படங்கள் ஏன் அப்படி இருக்கின்றன என்பது விளங்கும். ஈதரிலும் மதுசாரத்திலும் கரைத்த கொலோடியன் என்ற பசைநீரைக் கண்ணாடித் தட்டின் நடுவில் ஊற்றி, தட்டை நான்கு மூலைக்கும் சாய்த்து, சீராகப் பரவவிட வேண்டும். அது இறுகத் தொடங்கும் பதத்தில் இருட்டுக் கூடாரத்துக்குள் வெள்ளி நைத்திரேற்றுத் தொட்டியில் சில நிமிடம் அமிழ்த்த வேண்டும். சொட்டச் சொட்ட எடுத்த தட்டை ஒளி புகாத உறையில் இட்டுக் கமராவில் பொருத்தி, லென்சின் மூடியைக் கழற்றி, விநாடிகளை எண்ணி, மறுபடி மூட வேண்டும். தட்டு காய்வதற்குள் கூடாரத்துக்குத் திரும்பி உருத்துலக்கிக் கழுவி நிலைப்படுத்த வேண்டும். குளிர்நாட்டில் இதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் கிடைக்கும். உலர்வலயத்து வெயிலில் ஈதர் ஆவியாகிப் பறக்கும் வேகத்தில் அவ்வளவு அவகாசம் கிடைக்காது. வியர்வைத் துளி ஒன்று விழுந்தாலும், புழுதி பறந்து ஒட்டினாலும் தட்டு பாழ். உருப்பெருக்கும் வசதி அப்போது வழக்கத்தில் இல்லை; பெரிய படம் வேண்டுமென்றால் அதே அளவு பெரிய கண்ணாடியைச் சுமந்துபோக வேண்டும்.

இந்த முறைக்கு நீர் தேவை, அதுவும் தாராளமாக. உருத்துலக்கியை நிறுத்தவும் மருந்தைக் கழுவவும் குடம் குடமாக வேண்டும். சேறு கலந்த நீரானால் வெள்ளிப் படலத்தில் கறை விழும். ஆகவே காட்டுக்குள் கூடாரம் அடிக்க ஏற்ற இடம் ஓடைக்கரை அல்லது குளக்கரை. 19ஆம் நூற்றாண்டு நிலக்காட்சிப் படங்களில் முன்னால் நீர் அடிக்கடி தென்படுவதற்கு அழகுணர்ச்சியோடு இந்தத் தேவையும் ஒரு காரணம் எனக் கொள்ளலாம்.

கொலோடியனுக்கு நீல ஒளிதான் கண்ணில் படும். பச்சையும் சிவப்பும் ஏறத்தாழ இருட்டு. வானம் அளவுக்கு மீறிப் பதிந்து வெற்று வெள்ளையாக வரும், மேகம் தெரியாது. காடு கருந்திட்டாக வரும். வானத்தைப் பிரதிபலிக்கும் குளம் வெள்ளைத் துணி விரித்ததுபோல வரும். பல விநாடிகள் லென்ஸ் திறந்திருப்பதால் சிற்றலைகள் அழிந்து நீர் வழவழப்பாகிவிடும். அந்தக் காலப் படங்களில் காணும் ஆழ்ந்த அமைதியைப் பலர் காலத்தின் அமைதி என்று எழுதுகிறார்கள். அதில் பாதி இரசாயனம்.

அதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. தொலைவிலுள்ள மலைகளின் மேல் படியும் நீல மங்கல் கண்ணுக்கு மெல்லிய திரை. கொலோடியனுக்கு அது சுவர். மாத்தளை நகரத்திலிருந்து கிழக்கே பார்த்தால், தும்பறை மலைகள் என்றும் சொல்லப்படும் நக்கிள்ஸ் மலைத்தொடர் அடுக்கடுக்காகத் தெரியும். ஈரத்தட்டில் எடுத்தால் முதல் அடுக்குக்குப் பின்னால் உள்ளவை வானத்தோடு கரைந்துபோகும். மாத்தளை மாவட்டத்தின் தொடக்ககாலப் படங்களில் சிகிரியா போன்ற அருகிலுள்ள, வெயில்படும் தனிக்குன்று தெளிவாக நிற்பதற்கும், தும்பறை மலைகளின் உள்நாடு அரிதாக இருப்பதற்கும் இது ஒரு காரணம். உள்நாட்டில் பாதை குறைவு, மழைநாள் அதிகம், அட்டைக்கடி நிச்சயம் என்பவை மற்றக் காரணங்கள்.

இதே பத்தாண்டுகளில் உலகின் வேறு இடங்களில் கமரா மலையின் உச்சிவரை போய்விட்டது. சாமுவேல் போர்ன் 1866-இல் இமயத்தின் மணிருங் கணவாயில் 5,500 மீற்றருக்கு மேல் ஏறி ஈரத்தட்டில் படமெடுத்தார். 1871-இல் அமெரிக்காவில் வில்லியம் ஹென்றி ஜாக்சன் எல்லோஸ்டோன் வெந்நீரூற்றுகளையும் ஏரியையும் எடுத்தார். மறு ஆண்டு அந்த நிலம் தேசியப் பூங்காவானதில் அவருடைய படங்களுக்கும் பங்கு உண்டு. அங்கெல்லாம் கமரா தேடியது மனிதக் கை படாத நிலத்தை. இலங்கையில் லோட்டனை அரசு அனுப்பியதோ மனிதன் கட்டிக் கைவிட்டதைப் பதிவுசெய்ய. ஆகையால் மாத்தளையின் நிலக்காட்சிப் படம் தொடக்கத்திலேயே தொல்லியலின் துணைத்தொழிலாகப் பிறந்தது. இந்தப் பிறப்புக்குறி நெடுங்காலம் மாறவில்லை.

போர்ன் தம் பயணங்களைப் பற்றித் தாமே எழுதிய கட்டுரைகளில் கண்ணாடியையும் மருந்துப்பெட்டியையும் சுமந்தவர்கள் டசின் கணக்கில் வருகிறார்கள், பெயரில்லாமல். இலங்கையிலும் இத்தகைய சுமை தலைச்சுமையாகத்தான் போயிருக்க வேண்டும். மாத்தளையைப் பொறுத்தவரை இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1840-கள் முதல் தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தமிழ்த் தொழிலாளர் மன்னாரில் இறங்கி, அனுராதபுரம், தம்புள்ளை, நாலந்தா வழியாகக் காட்டுப்பாதையில் நடந்து மாத்தளையை அடைந்தார்கள். நோயாலும் பட்டினியாலும் வழியில் விழுந்தவர் பலர். வழியில் குடித்த நீர் இந்தக் குளங்களின் நீர். மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் அந்தப் பாதை முடிந்த இடத்தின் சாட்சியாக இன்றும் நிற்கிறது. லோட்டன் சிகிரியாவுக்குப் போன காலத்தில் அந்த வடக்குப் பாதை ஆள்நடமாட்டம் மிகுந்த பாதை. ஆனால் அக்கால ஸ்டூடியோக்களின் பட்டியல்களில் நிலக்காட்சி ஒரு பிரிவு, ‘தமிழ்க் கூலி’ என்ற ஆள்வகைப் படம் வேறொரு பிரிவு. நிலத்தையும் அதைக் கடந்துவந்தவர்களையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவரும் எண்ணம் வியாபாரிகளுக்கு இருக்கவில்லை. அந்தப் படங்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்தக் குறை குறைதான்.

1880-இல் கண்டியிலிருந்து மாத்தளைக்கு ரயில் வந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் உலர்தட்டும் கடையில் கிடைக்கத் தொடங்கியது. தட்டை வீட்டிலேயே வாங்கி வைத்து, எடுத்தபின் வாரக்கணக்கில் கழித்து உருத்துலக்கலாம். கூடாரம் வேண்டாம், வெள்ளித் தொட்டி வேண்டாம். இரண்டும் சேர்ந்து பயணத்தின் பாரத்தைப் பாதியாக்கின. 1904-இல் அனுராதபுரத்துக்கு ரயில் போகும்வரை பழைய நகரங்களைப் பார்க்கப் போவோருக்கு மாத்தளை ரயில்நிலையமே வாசல். அங்கிருந்து வண்டிப்பாதை. கொழும்பின் புத்தக வியாபாரி ஹென்றி கேவ் 1897-இல் வெளியிட்ட, இலங்கையின் பாழ்நகரங்கள் பற்றிய நூலில் தம்புள்ளையும் சிகிரியாவும் அவரே எடுத்த படங்களோடு இடம்பெற்றன. கண்டியில் ஸ்டூடியோ நடத்திய சார்ல்ஸ் ஸ்கோவன், 1890-இல் கொழும்பில் தொடங்கிய பிளாட்டே நிறுவனம் ஆகியோரின் படங்கள் ஆல்பமாகவும் அஞ்சலட்டையாகவும் கப்பலேறின. ஏரிக்காட்சி என்றால் அவர்களுக்குக் கண்டியும் நுவரெலியாவும்தான். வெள்ளையரின் ஓட்டல் எங்கே இருந்ததோ அங்கே ஏரியும் அழகாக இருந்தது.

சிகிரியாவில் 1890-களின் நடுப்பகுதியில் தொல்லியல் ஆணையாளர் எச்.சி.பி. பெல் காட்டை வெட்டித் துப்புரவாக்கத் தொடங்கினார். அவருடைய ஆண்டறிக்கைகளின் படங்களையும் லோட்டனின் படங்களையும் அருகருகே வைத்தால் குன்றின் அடிவாரம் மரத்திலிருந்து சுவராக மாறுவது தெரியும். நீர்த்தோட்டம் முழுவடிவில் தெரிவதற்கு 1980-களின் கலாசார முக்கோணத் திட்டத்து அகழாய்வு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று உலகம் முழுவதும் சுற்றும் சிகிரியாப் படத்தில் குன்றின் முன்னால் நேர்கோட்டில் ஓடும் அந்தக் குளங்கள் லோட்டனின் கமராவுக்கு எட்டாதவை.

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதி பெரிய மாற்றத்தை உபகரணத்தில்தான் கொண்டுவந்தது. 1906 முதல் எல்லா நிறத்தையும் உணரும் தட்டுகள் விற்பனைக்கு வந்தன. மஞ்சள், சிவப்பு வடிகண்ணாடிகளைப் போட்டால் நீல மங்கல் விலகியது. மேகம் வானத்தில் திரும்பி வந்தது. தும்பறையின் பின்னடுக்குகள் முதன்முறையாகப் படத்தில் நின்றன. பிறகு கைக்கடக்கமான லைக்கா வந்தது. லயனல் வென்ட் (1900-1944) அதைக் கொண்டு இலங்கை ஒளிப்படத்தை ஸ்டூடியோவின் பிடியிலிருந்து விடுவித்தார். 1934-இல் தோன்றிய இலங்கை ஒளிப்படச் சங்கத்தின் முன்னோடிகளில் அவர் ஒருவர். மனித உடலும் வெயிலும் அவருக்கு விருப்பமான பொருள்கள். மலைநீர் அவ்வளவாக இல்லை. ஆனாலும் வியாபாரத்துக்காக அல்லாமல் பார்ப்பதற்காகப் படமெடுக்கலாம் என்பதை அவருக்குப் பின்வந்தவர்கள் அவரிடமிருந்தே கற்றார்கள்.

மாத்தளையின் நீரை உண்மையில் மாற்றிய படங்களை எடுத்தது கலைஞர் எவரும் இல்லை, விமானம். கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடாவின் உதவியோடு 1956-இல் இலங்கை வானிலிருந்து படமெடுக்கப்பட்டது. இந்த வேலையில் விமானம் நேர்கோட்டில் பறந்தபடி ஒன்றின் மேல் ஒன்று பாதிக்கு மேல் கவியும்படி படங்களை எடுத்துக்கொண்டே போகும். அடுத்தடுத்த இரண்டு படங்களை இரட்டைக்கண்ணாடிக் கருவியின் கீழ் வைத்துப் பார்த்தால் நிலம் மேடுபள்ளமாக எழுந்து நிற்கும். எந்தப் பள்ளத்தாக்கு எங்கே குறுகுகிறது, அங்கே சுவர் எழுப்பினால் நீர் எதுவரை பின்வாங்கும் என்பதை அலுவலக மேசையில் இருந்தபடியே அளக்கலாம். மகாவலிப் படுகையின் வள ஆய்வு இப்படங்களைக் கொண்டு நடந்தது. அதன் தொடர்ச்சியாக ஐக்கிய நாடுகளின் உதவியுடன் 1968-இல் மகாவலிப் பெருந்திட்டம் தயாரானது. கலைநயம் துளியும் இல்லாத இந்தக் கறுப்பு வெள்ளைச் சதுரங்களைப் போல வேறெந்தப் படமும் மாத்தளை நிலக்காட்சியின் மேல் செல்வாக்குச் செலுத்தியதில்லை. பின்னாளில் கலைஞர்கள் தேடிப்போய் எடுத்த ஏரிகள் முதலில் இங்கேதான் கோடாக விழுந்தன.

திட்டத்தின் முதல் கட்டம் 1976-இல் முடிந்தது. கண்டிக்கு அருகே பொல்கொல்லையில் மகாவலியை மறித்து, எட்டுக் கிலோமீற்றர் சுரங்கத்தின் வழியே மலைக்கு இந்தப் பக்கம் உக்குவளைக்குத் திருப்பினார்கள். அங்கே மின்நிலையத்தைச் சுழற்றிவிட்டு நீர் சுது கங்கையில் விழுந்தது. அதுவரை மாத்தளை நகரத்தை ஒட்டிச் சிற்றாறாக ஓடிய சுது கங்கை ஒரே ஆண்டில் மகாவலியின் கிளையாயிற்று. கீழே போவதென்னையில் அம்பன் கங்கையை மறித்த நீர்த்தேக்கம் நீரின் ஒரு பகுதியைக் கலாவெவ பக்கம் அனுப்பியது.

இந்தத் தேக்கத்தின் நீரெல்லைக்குள் நாலந்தா கெடிகே இருந்தது. பௌத்தத் தலமானாலும் தமிழ்நாட்டுக் கண்ணுக்கு உடனே பழக்கப்பட்டதாகத் தெரியும் சிறு கற்கோயில் இது. அதன் கட்டடத்தில் பல்லவர் பாணியின் சாயல் அழுத்தமாக உண்டு. தேக்கம் நிறையுமுன் அதைக் கல்கல்லாகப் பிரித்து, உயரமாக எழுப்பிய கரையின் மேல் மறுபடி அடுக்கினார்கள். இவ்வகை வேலையில் ஒளிப்படமே வரைபடம்: எந்தக் கல் எந்த வரிசையில் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்பதை முன்னரே எடுத்துவைத்த படமும் அளவும்தான் சொல்லும். பழைய படங்களில் கெடிகே வயல்நடுவே தாழ்ந்த நிலத்தில் நிற்கிறது. புதிய படங்களில் அகன்ற நீர்ப்பரப்பின் ஓரத்தில், மலைகளைப் பின்னணியாகக் கொண்டு, ஒரு நீண்ட பாதையின் முடிவில் நிற்கிறது. சுற்றுலா நூல்கள் இரண்டாவது காட்சியைத் தொன்மையின் சின்னமாக அச்சிடுகின்றன. கோயில் தொன்மையானது, காட்சிக்கு அரை நூற்றாண்டு வயதுதான்.

இலங்கையின் காடும் குளமும் குன்றும் கலைப்பொருளாக நிலைபெற்றது நிஹால் பெர்னாண்டோவின் (1927-2015) கையில். 1963-இல் தோன்றிய ஸ்டூடியோ டைம்ஸ் நிறுவனத்தின் வழியே அவர் நாடு முழுவதும் அலைந்து கறுப்பு வெள்ளையில் படமெடுத்தார். அந்நிறுவனம் 1974-இல் வெளியிட்ட பயணக் கைநூல் இன்றும் தேடப்படுவது. 1986-இல் வந்த காட்டுயிர், காட்டுநிலப் படநூல் ஒரு தலைமுறையையே காட்டுக்கு அழைத்துப்போனது. உலர்வலயத்துக் குளத்தை அவர் இடிபாடாகப் பார்க்கவில்லை. வயலுக்கும் யானைக்கும் கொக்குக்கும் பொதுவான, உயிருள்ள ஏற்பாடாகப் பார்த்தார். லோட்டன் தொடங்கிவைத்த தொல்லியல் பார்வையிலிருந்து விலகிய முதல் பெரிய பார்வை என்று இதைச் சொல்லலாம். பழைய நீர்ப்பாசன நாகரிகத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று அவர் பேசியும் வந்தார். படம் எடுத்ததோடு கடமை முடிந்தது என்று எண்ணியவர் அல்லர்.

தம்புள்ளைக்குக் கிழக்கே உள்ள கண்டலமைக் குளம் உலகப் புகழ் பெற்றது ஒரு கட்டடத்தால். சிகிரியாவுக்கு அருகே ஓட்டல் கட்ட அழைக்கப்பட்ட கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா, அந்த இடத்தை விட்டுவிட்டு, குளத்துக்கு அப்பால் சிகிரியா தொலைவில் தெரியும் இந்தப் பாறைச்சரிவைத் தேர்ந்தார். குளம் அசுத்தமாகும், தம்புள்ளை விகாரையின் சூழல் கெடும் என்று கடும் எதிர்ப்பு எழுந்தது. ஆனாலும் ஓட்டல் 1994-இல் திறக்கப்பட்டது. கொடிகள் மூடிய அந்தக் கட்டடம் தன்னளவில் ஒரு கமராச் சட்டம்: இருண்ட நடைகூடம், அதன் முடிவில் ஒளி, ஒளியில் குளம், அதற்கப்பால் குன்று. 1990-களுக்குப் பிறகு கண்டலமையை எடுத்த படங்களில் பெரும்பாலானவை பாவா தீர்மானித்த கோணத்திலேயே எடுத்தவை. எதிரே உள்ள கரையிலிருந்து, மீன்பிடிப் படகின் பக்கத்திலிருந்து எடுத்தவை மிகச் சில.

மலையின் உள்நாடு கடைசியாகத்தான் திறந்தது. இரத்தோட்டையிலிருந்து இலுக்கும்புர செல்லும் பாதை, ரிவர்ஸ்டன் கணவாய், பிட்டவல புல்வெளி ஆகியவை இன்று வார இறுதிகளில் கமராவும் கையுமாக நிறைந்திருக்கும். நக்கிள்ஸ் காடு 2000-இல் பாதுகாப்பு வனமாக அறிவிக்கப்பட்டது. 2010-இல் இலங்கையின் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. மேற்குச் சரிவுக்குத் தென்மேல் பருவமழை, கிழக்குச் சரிவுக்கு வடகீழ்ப் பருவமழை என்று இரண்டும் முறைவைத்து நனைப்பதால் மலை முழுதும் தெளிந்திருக்கும் நாள்கள் குறைவு. ஆண்டின் தொடக்க மாதங்களில், விடியற்காலையில், காற்று எழுமுன்னர்தான் நீர் கண்ணாடியாக நிற்கும். தென்மேல் பருவத்தில் ரிவர்ஸ்டனில் முக்காலியே நிற்காது. ஈரத்தட்டுக்காரரை விரட்டிய மங்கல்தான் இன்று எல்லோரும் தேடிப்போகும் பொருள். பள்ளத்தாக்கில் தேங்கிய பனிமூட்டத்துக்கு மேலே சிகரங்கள் தீவுகளாக எழுவதை எடுப்பதற்கென்றே இரவில் ஏறுகிறார்கள்.

எல்கடுவைக்கு மேலே தேயிலைக்கும் பைன் மரங்களுக்கும் நடுவே உள்ள செம்புவத்தை ஏரி ஊற்றுநீரைத் தேக்கித் தோட்டத்தார் உண்டாக்கியது. நீரின் பச்சையும் மரங்களின் நேர்வரிசையும் சேர்ந்து அதைக் கைபேசிக் காலத்தின் செல்லப்பிள்ளை ஆக்கிவிட்டன. மனிதர் இல்லாத மலையேரி என்றே பெரும்பாலான படங்கள் அதைக் காட்டுகின்றன. சுற்றியுள்ள சரிவில் காணும் ஒவ்வொரு தேயிலைச் செடியையும் நட்டுக் கவ்வாத்து வெட்டிக் கொழுந்து பறிப்பவர்கள் லயன்களில் வாழும் மலையகத் தமிழர். சட்டத்தை ஒரு கை அளவு பக்கத்தில் நகர்த்தினால் கூடையும் படத்துக்குள் வந்துவிடும். லோட்டன் காலத்துப் பட்டியல் பிரிவினை இன்னும் ஒழியவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

பெருந்திட்டத்தில் 1968-இலேயே குறித்திருந்த மொரகஹகந்த அணை கட்டி முடிய அரை நூற்றாண்டு ஆயிற்று. எலஹெரவுக்கு மேலே அம்பன் கங்கையை மறித்த, 65 மீற்றர் உயரமான இந்த அணையில் 2017 ஜனவரியில் நீர் நிரம்பத் தொடங்கியது. 2018 ஜனவரியில் 25 மெகாவாட் மின்நிலையத்தோடு இயங்கத் தொடங்கியது. அதன் இணைத்திட்டமான களு கங்கை அணை லக்கலைப் பக்கத்தில் 2018-இல் நிரம்பத் தொடங்கியது. பழைய பள்ளேகம கடைத்தெருவும் வயல்களும் நீருக்குள் போயின. மக்கள் மேட்டில் அமைந்த புதிய நகரத்துக்கு மாறினார்கள். இப்படியாக நக்கிள்ஸின் அடிவாரத்தில், முன்பு எந்தப் படத்திலும் இல்லாத இரண்டு பேரேரிகள் தோன்றின. நீரில் நிற்கும் பட்டமரங்கள், மலையின் தலைகீழ் நிழல், மாலையில் கரைக்கு வரும் யானைகள் என்று அவற்றின் படங்கள் உடனே பரவின.

இந்தப் புதிய நீரை எடுக்க வந்த கருவியும் புதியது. ட்ரோன் கமரா 1956-இன் விமானப் பார்வையைத் தனிமனிதரின் கைக்குக் கொண்டுவந்தது. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு இலங்கையில் ட்ரோன் பறப்பது முற்றாகத் தடைசெய்யப்பட்டது. பின்னர் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதிக்கு உட்பட்டு மீண்டது. மேலிருந்து எடுத்த படங்களுக்கு ஒரு பயன் உண்டு. வறட்சியில் தேக்கம் வற்றும்போது கரையில் தெரியும் செம்மண் வளையமும், நீருக்குள் இறங்கி மறையும் பழைய பாதையும் அவற்றில்தான் பதிகின்றன. அழகுக்காக எடுப்போர் அத்தகைய நாள்களில் வருவதில்லை என்பதால் அவை எண்ணிக்கையில் குறைவு.

நீருக்குள் போன ஊர்களின் நல்ல படங்கள் கலைஞர்களிடம் இல்லை. அவை கல்யாண ஆல்பங்களிலும் பாடசாலைக் குழுப்படங்களிலும், மணமக்களின் தோளுக்குப் பின்னால், மாணவர் வரிசையின் தலைக்கு மேலே இருக்கின்றன. ஒரு கடைப்பலகை, ஒரு வேலி, ஒரு வயல்வரம்பு, பின்னே அதே மலை. மாத்தளைப் பக்கத்துக் குடும்பங்களிடம் அத்தகைய படங்கள் இருந்தால், இடத்தையும் ஆண்டையும் பின்பக்கம் பென்சிலால் எழுதி, ஒரு பிரதியை நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகம் போன்ற பொது ஆவணகத்துக்குக் கொடுத்துவிட வேண்டும்.